சாத்தான்குளம், ஜூன் 2020: ஒரு காவல் மரணத்தின் காகிதத் தடம்

காவல் நிலையச் சித்திரவதைக்கு வெளியாள் சாட்சி கிடையாது. அடித்தவர் சொல்ல மாட்டார். பார்த்த சக காவலர் பயப்படுவார். அடிபட்டவர் இறந்துவிட்டால் பேச ஆளே இல்லை. ஆனால் ஒருவரைப் பிடித்த நிமிடத்திலிருந்து அவர் உயிர் பிரியும்வரை பல கைகள் அவரைப் பற்றி நேரம் போட்டு எழுதிக்கொண்டே இருக்கின்றன. ஸ்டேஷன் ரைட்டர், ஆஸ்பத்திரி டியூட்டி டாக்டர், மாஜிஸ்திரேட் கோர்ட் ஊழியர், சிறை வார்டர், பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் என்று இந்த வரிசை நீளும். இவர்கள் எல்லோரும் ஒரே பொய்யை ஒரே நேரக் கணக்கில் எழுதுவது அநேகமாக நடக்காத காரியம். காவல்துறை அத்துமீறலைத் தோண்டும் நிருபரின் முதல் வேலை, இந்தக் காகிதங்கள் திருத்தப்படுவதற்கு முன் அவற்றைக் கையில் வாங்கி, அவற்றிலுள்ள நேரங்களை ஒரே தாளில் வரிசையாக எழுதுவது. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த வழக்கு இதற்குத் தெளிவான பாடம். வழக்கின் முதல் இரண்டு வாரங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். நிருபருக்குச் சான்று கிடைப்பதும் கைநழுவிப் போவதும் அந்த இரண்டு வாரங்களில்தான்.

நடந்தது சுருக்கமாக: 2020 ஜூன் 19 மாலை, ஊரடங்கில் அனுமதித்த நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லித் தந்தையைப் போலீசார் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தகவல் தெரிந்து மகன் பின்னாலேயே போகிறார். இரவு முழுவதும் இருவரும் நிலையத்தில். 20ஆம் தேதி சாத்தான்குளம் அரசு மருத்துவமனையில் சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்ட் பெற்று, நூறு கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள். 22ஆம் தேதி இரவு கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் மகன் இறக்கிறார். 23ஆம் தேதி அதிகாலை தந்தை இறக்கிறார். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுக்கிறது. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வின் உத்தரவுப்படி கோவில்பட்டி மாஜிஸ்திரேட் எம்.எஸ். பாரதிதாசன் 28ஆம் தேதி நிலையத்துக்கே போய் விசாரிக்கிறார். தனக்கு அங்கே நேர்ந்த அவமதிப்பையும் மிரட்டலையும் அவர் அறிக்கையாக அனுப்ப, நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொல்கிறது நீதிமன்றம். ஜூலை 1 அன்று மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையான சி.பி.சி.ஐ.டி., வழக்கில் கொலைக்கான சட்டப் பிரிவைச் சேர்த்துக் கைதுகளைத் தொடங்குகிறது. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போகிறது.

எஃப்.ஐ.ஆரை வாசிக்கும் விதம்

பெரும்பாலான நிருபர்கள் எஃப்.ஐ.ஆரில் பன்னிரண்டாம் கட்டத்தை, அதாவது புகாரின் சாரத்தை, மட்டும் படித்துவிட்டுச் செய்தி எழுதிவிடுகிறார்கள். காவல் மரணத்தில் அந்தக் கட்டம்தான் மிகக் குறைவாக நம்பத் தகுந்தது. முதலில் பார்க்க வேண்டியது மூன்றாம் கட்டம். சம்பவம் நடந்த நேரம், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம், நிலையத்தின் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் பொது நாட்குறிப்பின் பதிவு எண்ணும் நேரமும் என மூன்று விவரங்கள் அதில் இருக்கும். அடுத்து ஐந்தாம் கட்டம்: சம்பவ இடம் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை. கடைசியாகப் பதினைந்தாம் கட்டம்: நீதிமன்றத்துக்கு அனுப்பிய தேதியும் நேரமும். எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மாஜிஸ்திரேட் அதில் பெற்ற நேரத்தைக் குறித்துச் சுருக்கொப்பம் போடுவார். நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் நடந்து போகும் தூரமே இருக்க, அனுப்பிய நேரத்துக்கும் பெற்ற நேரத்துக்கும் இடையே எட்டு, பத்து மணி நேரம் போயிருந்தால் எஃப்.ஐ.ஆர். பிற்பாடு எழுதப்பட்டதா என்று கேட்க இடமுண்டு.

2016இல் உச்ச நீதிமன்றம் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் தந்த உத்தரவுப்படி, பாலியல் வழக்கு, தீவிரவாத வழக்கு போன்ற சில நீங்கலாக, எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியவுடன் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் படம் பிடித்தால் முகவரியும் நேரமும் சேர்ந்து தெரிய வேண்டும். இணையதள நகலில் மாஜிஸ்திரேட்டின் சுருக்கொப்பம் இருக்காது. அதற்குக் குடும்பத்தின் வழக்கறிஞர் மூலம் கோர்ட்டில் சான்றிட்ட நகலுக்கு மனுப்போட வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அதுவே ஒரு செய்தி.

சாத்தான்குளம் எஃப்.ஐ.ஆரில் புகார் கொடுத்தவரும் அதே நிலையத்தின் காவலர். கடை வாசலில் கூடியிருந்தவர்களைக் கலைந்துபோகச் சொன்னபோது தந்தையும் மகனும் போலீசாரைத் திட்டி, தரையில் உருண்டு புரண்டதில் ஊமைக்காயம் ஏற்பட்டது என்பது அதன் சாரம். தாமாகத் தரையில் உருண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்ற வாசகம் ஒரு எஃப்.ஐ.ஆரில் வந்தாலே நிருபர் நிமிர்ந்து உட்கார வேண்டும். ‘காயம் இருக்கிறது, அதற்கு யாரும் பொறுப்பில்லை’ என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வாசகம் அது. ‘கழிவறையில் வழுக்கி விழுந்தார்’, ‘தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தார்’ என்பவையும் இதே குடும்பம். காயத்தைப் பற்றி இப்படி எழுதியவர், எழுதும் நேரத்திலேயே காயம் இருந்ததை ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதைக் கவனியுங்கள். பிறகு ‘உடலில் காயமே இல்லை’ என்று எந்தச் சான்றிதழ் சொன்னாலும் அது எஃப்.ஐ.ஆருடனேயே மோதும்.

கடைப் பகுதியின் கண்காணிப்புக் கேமராப் பதிவு சில நாட்களில் வெளியே வந்தது. அதில் கூட்டம் இல்லை. யாரும் தரையில் உருளவும் இல்லை. எஃப்.ஐ.ஆரின் அடித்தளம் அங்கேயே ஆட்டம் கண்டது. ஒரு கடைக்காரர் கேமரா வைத்திருந்ததாலும், அந்தப் பதிவு அழியாமல் தப்பியதாலும் மட்டுமே இது முடிந்தது. இதற்குப் பின்னர் வருகிறோம்.

ஏழாண்டுக்குள் அடங்கும் பிரிவுகள்

சட்டப் பிரிவுகளைச் செய்தியில் அடுக்கினால் போதாது, அவற்றின் உச்சபட்சத் தண்டனையைப் பாருங்கள். இந்த வழக்கில் போட்ட இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள் 188, 269, 294(பி), 353, 506(2). எதற்கும் ஏழாண்டுக்கு மேல் தண்டனை இல்லை. அப்படியானால் 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பு பொருந்தும்: கைது ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் காரணங்களை எழுதிய சரிபார்ப்புப் பட்டியலைப் போலீஸ் தர வேண்டும், மாஜிஸ்திரேட் அதைப் படித்துத் தன் திருப்தியைப் பதிவுசெய்த பிறகே ரிமாண்ட் செய்ய வேண்டும். அதற்கும் மேலாக, 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் கொரோனாவை முன்னிட்டுச் சிறைகளில் நெரிசலைக் குறைக்கச் சொல்லியிருந்தது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் இருப்பவர்களை வெளியே விட உயர்மட்டக் குழு அமைக்கச் சொன்ன உத்தரவு அது. சிறையைக் காலி செய்யச் சொன்ன காலத்தில், கடையைத் திறந்துவைத்த தகராறுக்கு இரண்டு பேரை ஏன் சிறைக்கு அனுப்பினார்கள்? இந்தக் கேள்விக்குச் சித்திரவதைச் சான்று எதுவும் தேவையில்லை. காகிதத்தைப் பார்த்தே கேட்கலாம். முதல் நாளே கேட்டிருக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள். இன்று வேலை செய்பவர் எண்களை மாற்றிப் படிக்க வேண்டும். கைதுக்கான நிபந்தனைகள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். பிரிவு 35இல் இருக்கின்றன. கைதுக் குறிப்பு 36, கைதானவருக்கு மருத்துவப் பரிசோதனை 53, 24 மணி நேர வரம்பு 58, ரிமாண்ட் 187. காவல் மரணத்தில் மாஜிஸ்திரேட் விசாரணை முன்பு 176(1ஏ), இப்போது 196(2). வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதை நீதித்துறை மாஜிஸ்திரேட்தான் நடத்த வேண்டும்.

கைதுக் குறிப்பு என்பது டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளிலிருந்து வந்தது. கைதான நேரம், இடம், குடும்பத்தார் அல்லது அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரின் சாட்சிக் கையெழுத்து, கைதானவரின் கையெழுத்து ஆகியவை அதில் இருக்க வேண்டும். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவரைத் தேடிப் போங்கள். எத்தனை மணிக்குக் கையெழுத்து வாங்கினார்கள், தாளில் அப்போது ஏதாவது எழுதியிருந்ததா, கைதானவரைக் கண்ணால் பார்த்தாரா என்று மூன்றே கேள்வி. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி, கோர்ட், சிறை

ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று வாங்குவது வழக்கம். அங்கே ஓ.பி. சீட்டு, விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி, தகுதிச் சான்று என்று மூன்று தனித்தனிக் காகிதம் உண்டாகும். ஏ.ஆர். காப்பியில் ‘கூட்டிவந்தவர்’ என்ற இடத்தில் காவலரின் பெயரும் எண்ணும் இருக்கும். காயத்துக்கான காரணம் என்ற இடத்தில் எழுதியது யார் சொன்னது என்று பாருங்கள். போலீஸ் பக்கத்தில் நிற்க நோயாளி வாய் திறக்க முடியாது. பெரும்பாலும் கூட்டிவந்த காவலர் சொன்னதே அங்கே ஏறும். ஆகவே காரணத்தை விட்டுவிட்டு, காயங்களின் எண்ணிக்கை, இடம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நேரம் இவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தார் சொல்வதையும் இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். சாத்தான்குளத்தில் ரத்தப்போக்கால் லுங்கிகளைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது என்று உறவினர்கள் சொன்னார்கள். இது ஒரு சாதாரண விவரம் போலத் தோன்றும். ஆனால் தகுதிச் சான்று தந்த நேரத்தை ஒட்டியே லுங்கி மாற்றினார்கள் என்றால், அந்தச் சான்றின் மதிப்பு என்ன? யார் லுங்கி கொண்டுபோனார், எந்தக் கடையில் எடுத்தார், எத்தனை மணிக்கு என்று கேட்டு, அவருடைய செல்போனின் அழைப்புப் பட்டியலை வைத்து நேரத்தை உறுதிசெய்யுங்கள். ‘ராத்திரி ஒன்பது, பத்து இருக்கும்’ என்று சொல்பவரிடம் வாதாட வேண்டாம். ‘அப்போது யாருக்காவது போன் பண்ணினீர்களா அண்ணே?’ என்று கேட்டால் போதும், நிமிடக் கணக்கில் நேரம் கிடைக்கும். ரத்தம் பட்ட துணி வீட்டில் இருந்தால் துவைக்கக் கூடாது, பிளாஸ்டிக் பையிலும் போடக் கூடாது. ஈரம் அடைபட்டால் கறை அழுகிவிடும். நிழலில் உலர்த்தி, தனித்தனிக் காகிதப் பையில் வைத்து, வழக்கறிஞர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் ஒப்படைப்பதே முறை. நிருபர் அதை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளவே கூடாது. சான்று யார் யார் கை மாறி வந்தது என்ற சங்கிலி அங்கே அறுந்துபோகும்.

கோர்ட்டில் பார்க்க வேண்டியது ரிமாண்ட் உத்தரவு. கைதானவரை நேரில் பார்த்து, காயம் உண்டா, போலீஸ் மேல் புகார் உண்டா என்று கேட்டதாக அதில் எழுதியிருக்க வேண்டும். எல்லா வழக்கிலும் ஒரே வாசகம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி விழுந்திருந்தால், அதே கோர்ட்டின் அதே வார ரிமாண்ட் உத்தரவுகள் சிலவற்றை எடுத்து ஒப்பிடுங்கள். சாத்தான்குளம் வழக்கில், இருவரையும் மாஜிஸ்திரேட் முறையாகப் பார்த்தாரா என்ற கேள்வி தொடக்கத்திலேயே பெரிதாக எழுந்தது.

இந்த வரிசையில் அதிக உண்மையை வைத்திருப்பது சிறையின் சேர்க்கைப் பதிவேடு. காரணம் எளிது. காயத்தோடு வந்த கைதியை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு, அவர் பிறகு இறந்துபோனால் பழி சிறை ஊழியர் தலையில் விழும். அதனால் வாயிலிலேயே காயங்களைக் குறித்துவைப்பார்கள். கோவில்பட்டி கிளைச் சிறைப் பதிவேட்டிலும் பின்புறக் காயங்கள் பதிவாகியிருந்தன. தகுதிச் சான்று ஒரு கையில், சிறைப் பதிவேடு மறு கையில். இரண்டுக்கும் இடையே ஒரு வேன் பயணம் மட்டுமே. அந்தப் பயணத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று போலீசே சொன்னால், காயம் அதற்கு முன்னரே இருந்ததாகிறது. எந்த நேரில் கண்ட சாட்சியும் இல்லாமல் நிருபர் நிறுவக்கூடிய வலுவான முடிவு இது.

நாற்பத்தாறு கேமராக் கணக்கு

மாஜிஸ்திரேட் பாரதிதாசனின் அறிக்கையில் நிருபர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி ஒன்று உண்டு. நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா அமைப்பில் 1 டி.பி. ஹார்டு டிஸ்க் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள். 19ஆம் தேதி இரவுப் பதிவு இல்லை.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். சாதாரணத் தரத்தில் ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவுசெய்தால் நாளொன்றுக்கு 21.6 ஜி.பி. ஆகும். 1 டி.பி. என்பது 1,000 ஜி.பி. எட்டு கேமரா ஓடினால் ஏறக்குறைய ஆறு நாள் தாங்கும், நான்கு என்றால் பதினொரு நாளுக்கு மேல். ஒரே நாளில் அந்த டிஸ்க் நிரம்பிப் பழையது அழிய வேண்டுமானால் ஏறக்குறைய 46 கேமரா ஓட வேண்டும். ஒரு தாலுகா ஊர்க் காவல் நிலையத்தில் அத்தனை இருக்க வழியில்லை. ‘இடமில்லை, அதனால் அழிந்தது’ என்ற விளக்கம் இனி எந்த நிலையத்திலிருந்து வந்தாலும் கேமரா எண்ணிக்கை, டிஸ்க் கொள்ளளவு, பதிவுத் தரம் என்ற மூன்று எண்ணைக் கேளுங்கள். பெருக்கி வகுத்தால் பதில் தெரிந்துவிடும்.

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் பதியும், ஒலியும் பதியும் கேமராக்களை வைக்கச் சொன்னது. வாயில்கள், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, கழிவறைக்கு வெளியே, நிலையத்தின் பின்புறம் என்று இடங்களையும் பட்டியலிட்டது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அந்த வசதி இல்லாத நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. ஆகவே சம்பவம் தெரிந்த அன்றே குடும்பத்தின் வழக்கறிஞர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் ‘இன்ன தேதி இன்ன மணி முதல் இன்ன மணி வரையிலான பதிவைப் பாதுகாத்து வைக்க வேண்டும்’ என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு பதிவு காணாமல் போனால் அது தற்செயல் என்று சொல்ல முடியாது.

நிலையத்தின் கேமரா கைக்கு எட்டாது. தெருவின் கேமரா எட்டும். அதுவும் சில நாட்களில் அழியும். மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், ஏ.டி.எம்., தனியார் மருத்துவமனை வாசல் என்று நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி, கோர்ட், சிறை வரையிலான பாதை முழுவதையும் முதல் 48 மணி நேரத்தில் நடந்தே பார்க்க வேண்டும். பதிவு எடுக்கும்போது செய்ய வேண்டியவை மூன்று. முதலில் கேமராப் பதிவுப் பெட்டியான டி.வி.ஆரின் திரையில் ஓடும் கடிகாரத்தையும் உங்கள் செல்போன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் எடுங்கள். கடைக் கேமராக்களின் கடிகாரம் பத்து, இருபது நிமிடம் பிசகியிருப்பது சாதாரணம், அந்தப் பிசகு தெரியாமல் நேரக்கோடு போட்டால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும். அடுத்து, திரையைச் செல்போனில் படம் பிடிப்பதோடு நிறுத்தாமல், மூலக் கோப்பையே பென் டிரைவில் எடுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், கோப்பிலிருக்கும் நேர விவரங்கள் உதிரும். மூன்றாவதாக, கோப்பு பிறகு மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் எஸ்.எச்.ஏ.-256 ஹாஷ் எண்ணை அங்கேயே கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63இன் சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் எண்ணுக்கென்றே இடம் இருக்கிறது. கடைக்காரருக்குப் பயம் இருக்கும். அவர் பெயரைச் செய்தியில் போடாதீர்கள், கேமராவின் கோணத்தை வைத்துக் கடை அடையாளம் தெரிந்துவிடுமா என்பதையும் வெளியிடும் முன் யோசியுங்கள். அவர் நாளைக்கும் அதே தெருவில், அதே காவல் நிலையத்துக்கு எதிரே கடை திறக்க வேண்டும்.

காயம் சொல்வது

நிருபர் மருத்துவராக வேண்டியதில்லை. ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். விழுந்தாலோ உருண்டாலோ காயம் பொதுவாக எலும்பு துருத்திய இடங்களில் படும்: முழங்கை, முழங்கால், நெற்றி, தோள் முனை. அதுவும் சிராய்ப்பாக இருக்கும். லத்தி போன்ற உருண்டைத் தடியால் அடித்தால் நடுவில் வெளிறி, இரு ஓரங்களிலும் இணைகோடாகக் கன்றிப்போகும். தடயவியல் மருத்துவர்கள் இதைத் தண்டவாளத் தழும்புடன் ஒப்பிடுவார்கள். பிட்டம், தொடையின் பின்புறம், உள்ளங்கால் ஆகியவை விழுந்து அடிபடாத இடங்கள். அங்கே கன்றல் குவிந்திருந்தால் ‘உருண்டு புரண்டார்’ கதை நிற்காது.

ஆழமான கன்றல் தோலுக்கு மேலே தெரியாமலேயே இருக்கும். பிட்டத்தையும் முதுகையும் கைகால்களையும் கீறித் தசையைப் பார்த்தார்களா என்று அறிக்கையில் தேடுங்கள். சந்தேக மரணங்களை விசாரிப்பதற்கான ஐ.நா.வின் மின்னசோட்டா நெறிமுறை இதைப் பரிந்துரைக்கிறது. வழக்கமான பரிசோதனையில் தலை, மார்பு, வயிறு மட்டும் திறந்து மூடிவிடுவதுண்டு. கன்றலின் நிறத்தை வைத்து வயதைச் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். மஞ்சள் நிறம் 18 மணி நேரத்துக்கு முன் தோன்றாது என்பதைத் தவிர மற்ற நிறக் கணக்குகளில் நிருபர் தலையிடக் கூடாது.

‘அவர் நடந்துதானே வேனில் ஏறினார், இரண்டு நாள் கழித்துத்தானே இறந்தார்’ என்ற வாதம் எல்லாக் காவல் மரணத்திலும் வரும். தசைகள் பெரிய அளவில் நசுங்கினால் அதிலிருந்து கசியும் பொருள் சிறுநீரகத்தை அடைத்து, ஓரிரு நாள் கழித்து உயிரை எடுக்கக்கூடும். எந்த ஒரு மரணத்துக்கும் இதுவே காரணம் என்று நிருபர் முடிவுகட்டக் கூடாது. ஆனால் சக கைதிகளிடம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்: சிறுநீர் போனாரா, என்ன நிறம், தண்ணீர் கேட்டாரா, உட்கார முடிந்ததா? கறுத்த சிறுநீர் என்று ஒருவர் சொன்னால், அதை எழுதும் முன் தடயவியல் மருத்துவர் ஒருவரிடம் கேளுங்கள். மூச்சுத் திணறல், காய்ச்சல் என்று முதலில் வரும் அரசு விளக்கத்தை அப்படியே தலைப்பாக்காமல் இருக்க இந்த அளவு அறிவு போதும்.

காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்பவை தேசிய மனித உரிமை ஆணையத்தின் பழைய அறிவுறுத்தல்கள். குடும்பத்துக்கு இது தெரியாது. சொல்வது நிருபரின் வேலையா என்று சிலர் கேட்கலாம். உரிமையைச் சொல்வது பக்கம் சாய்வதாகாது.

உள்ளே இருந்தவர்

அந்த இரவுக்கு உள்ளிருந்து சாட்சி சொன்னவர் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்தது என்று அவர் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவர் தயங்கினார், வெளியே சக போலீசார் சூழ்ந்து நின்றார்கள், லத்திகளைக் கேட்டபோது தர மறுத்தார்கள், ஒருவர் சுவரேறிக் குதித்து ஓடினார் என்றெல்லாம் அறிக்கை பதிவுசெய்கிறது. ஒரு மாஜிஸ்திரேட் எதிரில் இருக்கும்போதே இந்த நிலை. பிறகு உயர் நீதிமன்றம் அந்தக் காவலருக்குப் பாதுகாப்புத் தரச் சொன்னது. மாலை 7.45 முதல் அதிகாலை 3 வரை சித்திரவதை நடந்ததாகச் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை சொல்லும் நேரக்கோட்டின் பின்னால் இப்படிப்பட்டவர்களின் துணிவு இருக்கிறது. வேலையையும் குடும்பத்தையும் பணயம் வைத்தவர்கள் அவர்கள்.

ஒவ்வொரு நிலையத்திலும் பாரா டியூட்டி, அதாவது நிலையக் காவல் பணி, யாருக்கு என்று எழுதும் பதிவேடு உண்டு. அன்றிரவு யார் யார் உள்ளே இருந்தார்கள் என்பதை அது சொல்லும். ஆனால் அந்தப் பட்டியல் கிடைத்ததும் எல்லோருக்கும் போன் போடுவதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. அழைப்பு விவரப் பதிவை எடுக்கும் வசதி போலீசிடம் இருக்கிறது. நிருபரின் எண்ணிலிருந்து ஒரு காவலருக்கு மூன்று நிமிடம் பேசிய பதிவு ஒன்றே அவரை இடமாற்றம் செய்யவோ, அதைவிட மோசமாகவோ போதும். வாட்ஸ்ஆப்பில் பேசிவைத்து நேரில் சந்தித்தாலும் இருவர் போனும் ஒரே நேரத்தில் ஒரே டவரில் இருந்தது தெரியும். போனை வீட்டில் வைத்துவிட்டு, இருவருக்கும் பொதுவான நம்பிக்கையான ஆள் மூலம், அவர் சொல்லும் இடத்தில், அவர் சொல்லும் நேரத்தில் பாருங்கள். சீருடையில் இல்லாத நாளாக இருக்கட்டும். குறிப்பேட்டில் பெயர் எழுதாதீர்கள்.

மூலத்தைச் சொல்லாமல் இருக்கும் உரிமை இந்திய நிருபருக்குச் சட்டத்தில் முழுமையாக இல்லை. 1978ஆம் ஆண்டுப் பத்திரிகைக் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு, கவுன்சிலின் நடவடிக்கைகளில் மட்டுமே அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. நீதிமன்றத்துக்கு அது பொருந்தாது. இதை மறைத்து, ‘உங்கள் பெயர் எந்த நாளும் வெளியே வராது’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. என்ன காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்று அவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் பேச முன்வருபவரின் வார்த்தைக்குக் கனம் அதிகம். அவர் சொன்னதை அப்படியே எழுதாமல், காகிதத்தைத் தேடும் வழிகாட்டியாக எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. ‘ராத்திரி பதினொரு மணிக்கு மேல டீ வாங்கிட்டு வரச் சொன்னாங்க’ என்று அவர் சொன்னால், டீக்கடைக்காரரைப் பாருங்கள். செய்தியில் டீக்கடைக்காரரின் நேரம் வரட்டும், காவலர் வர வேண்டாம்.

எழுதும் நேரம்

தகவல் உரிமை மனுவுக்கு நம் ஊரில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். பொது நாட்குறிப்பின் அன்றைய பக்கங்கள், பாரா பதிவேடு, வாகனப் பயணப் பதிவேடு, கேமரா பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றைத் தனித்தனி மனுவில் கேளுங்கள். ஒரே மனுவில் கேட்டால் ஒன்றுக்கான மறுப்பு எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். விசாரணை அதிகாரி எழுதும் வழக்கு நாட்குறிப்பு கிடைக்காது, கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ‘விசாரணை பாதிக்கும்’ என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். எப்படிப் பாதிக்கும் என்று விளக்காமல் மறுக்க முடியாது என்று 2007இல் டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. மறுப்பு வந்த 30 நாளுக்குள் போடும் முதல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

போலீஸ் தரப்பிடம் கேள்விகளை எழுத்தில் அனுப்ப வேண்டும். ‘உங்கள் கருத்து என்ன’ என்ற கேள்விக்குப் பதில் வராது, வந்தாலும் பயனில்லை. ‘19ஆம் தேதி இரவு பொது நாட்குறிப்பில் இருவரின் வருகை எந்த எண்ணில், எத்தனை மணிக்குப் பதிவாகியிருக்கிறது? கைதுக் குறிப்பில் என்ன நேரம்? இரண்டுக்கும் இடையிலான மணிநேரங்களில் அவர்கள் எந்தச் சட்ட நிலையில் நிலையத்தில் இருந்தார்கள்?’ என்று கேட்டால், மௌனமே செய்தியாகும் அளவுக்குக் கேள்வி கூர்மையாக இருக்கும். குறைந்தது ஒரு முழு வேலை நாள் அவகாசம் தாருங்கள், அனுப்பியதற்கும் கிடைத்ததற்கும் சான்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். 356இன் அவதூறு வழக்கு வந்தால், பொது ஊழியரின் பணி நடத்தை பற்றி நல்லெண்ணத்தில் எழுதியது என்ற விதிவிலக்குக்கு இந்தக் கடிதமே முதல் ஆவணம்.

வாசகத்தில் ‘அடித்துக் கொன்றனர்’ என்று குற்றப்பத்திரிகைக்கு முன் எழுதினால் செய்தியின் மற்ற உண்மைகளும் அதோடு சேர்ந்து அடிபடும். ‘காலை தந்த சான்றில் இப்படி, மாலை சிறைப் பதிவேட்டில் இப்படி’ என்று இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தால் வாசகர் தானே புரிந்துகொள்வார். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு வழக்கு நிலுவையிலுள்ளதாகிறது, 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு அதிலிருந்து பொருந்தும். சாட்சியின் நம்பகத்தன்மையைப் பற்றி அதன் பின் கருத்து எழுதக் கூடாது. கோர்ட்டில் பதிவானதை மட்டும் தேதியோடு எழுதலாம்.

செய்தி வந்த மறுநாள் குடும்பத்தாரைப் போய்ப் பாருங்கள். சமாதானம் பேச யார் வந்தார்கள், எவ்வளவு பணம் பேசினார்கள், யாரை வைத்து மிரட்டினார்கள் என்பதெல்லாம் அடுத்த சில நாட்களில்தான் நடக்கும். பெரும்பாலான நிருபர்கள் அந்நேரம் வேறு செய்திக்குப் போயிருப்பார்கள். வந்தவரின் வண்டி எண், வந்த நேரம், அழைத்த போன் எண் ஆகியவற்றைக் குறித்துவைக்கும்படி வீட்டில் படித்த பிள்ளை ஒருவரிடம் சொல்லி, ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.